குரலில் தேய்ந்த ‘என்பர்’

மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் திரும்பும் நம் இளைஞர் சிலர், காதிற் கருவியைச் செருகி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வருகின்றனர். நூலைக் கையிலெடுக்க நேரமற்றவர்க்கு இது பெரும்பேறே. அவர்களுள் ஒருவர் தந்த ஒலிநூலை நாமும் முழுமையாகக் கேட்டோம்.

செவிவழி ஸீறத் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டினரான இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தொகுத்தது, அவர் மாணவர் பக்காயீ வாயிலாகவே இப்னு ஹிஷாமை அடைந்தது. ஆசிரியர் நாவிலிருந்து நேரே கேட்டலை ஹதீஸ் கலையினர் பலரும் முதற்படியில் வைத்தனர். நம் இல்லங்களிலோ உமறுப் புலவரின் சீறாப்புராணம், 5027 பாடல்களும், ஒருவர் படிக்க மற்றவர் பொருள் கூற, மாதக்கணக்கில் ஓதப்பட்டதுண்டு. ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்கலாம்.

நாம் கேட்ட ஒலிநூலின் வாசிப்பாளர் நல்ல தமிழ்க் குரலுடையவர், ழகரம் பிழைக்கவில்லை. தாயிஃப் நிகழ்ச்சியை அழுகையின்றி, தாழ்ந்த குரலில் படித்தது மிகப் பொருத்தம். கல்லடியின் வேதனை அதனாலேயே நம்மைத் தைத்தது. குறை வேறோரிடத்தில் உள்ளது.

புஸ்ராவில் துறவி புஹைரா சிறுவயது நாயகத்தை (ஸல்) அடையாளங்கண்ட செய்தியை உரைக்கையில், இப்னு இஸ்ஹாக் ‘அவர்கள் கூறிக்கொள்வதன்படி’ எனும் பொருள்படும் சொல்லை மீண்டும் மீண்டும் இடுகிறார். தாம் எவ்வளவுக்குப் பொறுப்பேற்கிறோம் என்பதைக் காட்டும் சொல் அது. அரபியில் அதனை வாக்கியத்தின் முன்னேயோ இடையிலேயோ வைக்கலாம். தமிழிலோ ‘என்பர்’ என இறுதியில் வந்து நிற்கும். மூச்சு இறங்கும் இடமும் அதுவே! மேகம் நிழலிட்டதை முரசெனக் கொட்டிய குரல், ‘என்பர்’ வரும்போது தேய்ந்துவிடுகிறது. பின்னணி இசை எஞ்சியதையும் விழுங்குகிறது. கேட்பவர் அதற்குமுன்பே நம்பி முடித்திருப்பார். அச்சிலாயின் கண் திரும்பிச் செல்லும். செவிக்கு அவ்வசதி அரிது. மொழிபெயர்ப்பாளர் ‘கூறப்படுவது யாதெனின்’ என முன்வைத்திருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும். மறுபாதி வாசிப்பாளரின் அமானிதம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒன்றரை மடங்கு விரைவில் கேட்கும் வசதி இக்கருவிகளில் உண்டு. நம் இளைஞரும் அவ்வாறே கேட்கிறார். நாயகத்தின் (ஸல்) பேச்சை எண்ண விரும்புவோர் சொற்களை எண்ணிவிடலாம் என்றும், அவர்கள் பிறரைப்போல் அடுக்கிப் பேசியதில்லை என்றும் அன்னை ஆயிஷா (ரலி) உரைத்ததை இமாம் புகாரி பதிந்துள்ளார்கள். எண்ணிப் பேசியவரின் வரலாற்றை ஓட்டமாய்க் கேட்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் பணி முடித்துக் களைத்தவரைக் கடிந்துரைக்கவும் மனம் வரவில்லை.

புஹைரா பகுதியை மட்டும் இயல்பான வேகத்தில் மீண்டும் கேட்குமாறு அவரிடம் கூறினோம். மறுவாரம் வந்து, “ஹஜ்ரத், அதில் ‘என்பர்’ என்று எங்கே வருகிறது?” என்றார்.