விழாக் கட்டுரைகளில் விழா உண்டா?

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் மிகவும் பழகிப்போனது ‘நான் கொண்டாடிய தீபாவளி’ என்பதாகும். முதற்பத்தியில் நரகாசுர வதம். அடுத்து எண்ணெய்க் குளியலும் புத்தாடையும். பின்னர் முறுக்கு, அதிரசம், வீட்டிற்கு வரும் மலாய், சீன நண்பர்கள். முடிவில் ஒற்றுமை பற்றி ஓர் அறிவுரை. முப்பது பேர் எழுதினும் ஒரே வீட்டில் ஒரே தீபாவளி நடந்தது போலவே இருக்கும். இதனை மாணவர் குற்றம் என்று தள்ளிவிட இயலாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கென நாம் வார்த்துக் கொடுத்த அச்சு மட்டும் இன்னும் உடையவில்லை. ‘நாம்’ என்னும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் முன்னோர் விழாவை எப்படி எழுதினர்? மணிமேகலை, விழாவறை காதையில்தான் தொடங்குகிறது. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவைச் சாத்தனார் முரசறைவோன் வாயிலாக அறிவிக்கிறார். விழாவின் நன்மைகளை அவன் அடுக்கவில்லை. செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறான். வீதியில் மணலைப் புதுப்பிக்க வேண்டும்; வாழையும் கமுகும் நட வேண்டும்; சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிட வேண்டும்; பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளலாகாது. பின்னொரு நாள், மகனை இழந்த துயரில் சோழன் இவ்விழாவை மறந்தமையால் நகரையே கடல் கொண்டது என்று காப்பியம் கூறுகிறது. அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். புலவருக்கு விழா என்பது ஊர் வாழ்வதா அழிவதா என்னும் கேள்வியாக இருந்தது என்பதே நாம் காண வேண்டுவது.

சம்பந்தரின் மயிலைப் பதிகம் இதனினும் நெஞ்சைத் தொடுவது. வகுப்பில் அதனை அற்புத வரலாறாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இறந்துபோன பூம்பாவையை மீண்டும் வருமாறு அழைக்கும் பாட்டில், பெற்றோரின் கண்ணீரையோ தந்தையின் செல்வத்தையோ அவர் முன்வைக்கவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என ஆண்டின் விழாக்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இவற்றைக் காணாமலா போகிறாய் என்று கேட்கிறார். உயிரோடிருத்தல் என்பதே விழாவைக் காண்பதுதான் போலும்! அந்தத் தைப்பூசம் இன்று ஈப்போக் கல்லுமலையிலும் நடக்கிறது.

இனி, நம் கட்டுரைகளில் இல்லாதது எது என்று பார்ப்போம். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் தீபாவளி என்றால் முதலில் படையல்தான். முதல் நாள் மாலை வாழையிலை விரித்து, இறந்தவர் உயிரோடிருந்தபோது விரும்பியதை வைப்போம். பாட்டனுக்குக் கள்ளும் சுருட்டும், பாட்டிக்கு வெற்றிலை. மெக்சிகோ மக்களும் நவம்பர் முதலிரு நாள்களில் இவ்வாறே மறைந்தோர்க்குப் பிடித்த உணவையும் பானத்தையும் படைத்துச் செவ்வந்திப் பூவால் வழிகாட்டி அழைக்கின்றனர். கடல் கடந்த அவ்வழக்கத்தைப் பொது அறிவு நூலில் படித்து வியக்கும் நம் மாணவன், தன் வீட்டுப் படையலை மட்டும் கட்டுரையில் மறைத்துவிடுகிறான்.

மறைக்கக் கற்பித்தவர் யார்? சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தாத்தாவின் படத்தின் முன் அப்பா ஒரு புட்டி கறுப்பு பீர் வைத்ததையும், அம்மா கடிந்ததையும், அப்பா அழுததையும் மூன்று வரியில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதனை அடித்து, ‘நரகாசுரன் கதை எங்கே?’ என்று ஓரத்தில் எழுதினேன். அவளும் திருத்தி எழுதினாள்; நல்ல புள்ளியும் பெற்றாள். அவ்வாண்டு திருத்திய மற்றக் கட்டுரைகளில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை.

பொங்கல் கட்டுரையின் நிலையும் இதுவே. அடுக்குமாடி வீட்டில் வாழும் சிலிபின் சிறுவன் ஏரையும் எருதையும் எழுதுகிறான். 1952-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தைத் திங்களில் தொடங்கிய தமிழர் திருநாள் சமய வேறுபாடின்றித் தமிழரை ஒன்றுகூட்டி இங்கும் பரவியதை அவன் அறியான். மே இறுதியில் சபாவில் கடசான்–டூசுன் மக்கள் நெல்லின் ஆவியைப் போற்றும் காமாத்தான் அறுவடை விழாவையும் அறியான்.

அச்சுக் கட்டுரைக்கும் பயன் உண்டு என்பர் சிலர். உண்மையே, மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு அஃது ஊன்றுகோல். ஆனால், நன்றாக நடக்கும் பிள்ளைக்கும் அதனையே கொடுத்துவிட்டோம்.

யூதர்களின் பாஸ்கா இரவு விருந்தில், இவ்விரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டது என்று வீட்டின் இளைய பிள்ளை கேட்க வேண்டும். பெரியோர் விடை சொல்ல வேண்டும். நம் வகுப்பிலோ விடை முன்பே கரும்பலகையில் இருக்கிறது. இவ்வாண்டு தலைப்பை மாற்றி, ‘எங்கள் வீட்டுப் படையலில் யாருக்கு என்ன வைத்தோம்?’ என்று கொடுத்தேன். நெடுநேரம் ஒருவரும் எழுதவில்லை. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, “ஐயா, சுருட்டு என்று எழுதலாமா?” என்று மெல்லக் கேட்டான். எழுதலாம் என்றேன்.