டெல்லிக் குளிருக்கு 911 எந்த டயரைக் கேட்கிறது?

டிசம்பர் பிறந்தால் போதும், டெல்லியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: ஐரோப்பாவில் போடுவதுபோல் நாமும் விண்டர் டயர் போட வேண்டுமா? கோடியைத் தாண்டிய விலையில் கார் வாங்கியவருக்கு இந்தக் கவலை வருவது நியாயம்தான். டெல்லிக் குளிர் லேசுப்பட்டதல்ல. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 புத்தாண்டு தினத்தன்று காலை 1.1 டிகிரி பதிவானது. 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரி. 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 வரை இறங்கியிருக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று பகல் வெப்பமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை.

ஆனால் டயர் விஷயத்தில் இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறான டயரைத்தான் வாங்குவோம். குருகிராமில் இருக்கும் நண்பரின் போர்ஷே 911 கரேராவை, அதாவது 992 தலைமுறைக் காரை, சாதாரண சம்மர் டயரிலும், ரேஸ் டிராக்குக்கென்று அவர் தனி ரிம்மில் வைத்திருக்கும் செமி-ஸ்லிக் டயரிலும் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் இன்ஜினீயர், விண்டர் டயர் மாட்டிய இதே மாடலை எனக்கு ஓட்டக் கொடுத்தார். மூன்றையும் ஓட்டிய கையோடு சொல்கிறேன்: டெல்லிக்குள் ஓடும் காருக்கு விண்டர் டயர் தேவையில்லை. அதே சமயம், டெல்லிக் குளிரில் செமி-ஸ்லிக் டயரோடு காலையில் வெளியே போவது ஆபத்து. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் இங்கே யாரும் பேசுவதில்லை.

முதலில் ரப்பர். சம்மர் டயரின் ரப்பர் கலவை, சூட்டில் குழையாமல் உறுதியாக நிற்கும்படி தயாரிக்கப்படுகிறது. வெப்பம் இறங்க இறங்க அது இறுகும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும் நெகிழ்வு குறையும். டயர்காரர்கள் 7 டிகிரியை எல்லைக்கோடாகச் சொல்வது இதனால்தான். அந்தக் கோட்டைத் தாண்டியதும் பிடி ஒரேயடியாக அறுந்துவிடாது, படிப்படியாகக் குறையும். விண்டர் டயரில் குளிரிலும் இளகியே இருக்கும் கலவை இருக்கிறது. அதன் ட்ரெட் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் ஏராளமாக ஓடும். சைப் என்று சொல்லப்படும் இந்த வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்கின்றன. ஸ்டுட்கார்ட்டில் காரை எடுக்கும் முன் பின் டயரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மைனஸ் இரண்டு டிகிரியிலும் கட்டை வளைந்தது, வெட்டுகள் வாய் திறந்து மூடின. அதே சோதனையைக் குருகிராமில் ஜனவரி காலையில் செமி-ஸ்லிக் டயரில் செய்தபோது பிளாஸ்டிக்கைத் தொட்டதுபோல் இருந்தது.

நண்பரின் கார் 385 குதிரைசக்தி, 450 நியூட்டன் மீட்டர் டார்க், பின்சக்கர இயக்கம். முன்னால் 235/40, 19 இன்ச். பின்னால் 295/35, 20 இன்ச். பின் டயரின் அகலத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பிடி போதாமல் போகும் என்றே தோன்றாது. 911-இல் இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த எடை பின் டயர்களைத் தரையில் அழுத்துவதால் புறப்படும்போது நல்ல பிடி கிடைக்கும். அதே காரணத்தால் முன்பக்கம் லேசு. குளிரில் முதலில் தடுமாறுவது முன் டயர்கள்தான்.

சம்மர் டயரில் விடியற்காலை கிளம்பி தௌலா குவான் வழியாக லுட்யன்ஸ் டெல்லியின் ரவுண்டானாக்களுக்குள் போனபோது இது தெளிவாகத் தெரிந்தது. முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஸ்டியரிங்கில் உயிரே இல்லை. ரவுண்டானாவுக்குள் திருப்பினால் மூக்கு ஒரு கணம் தாமதித்து, கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டுதான் உள்ளே வருகிறது. வெளியேறும்போது இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினால் பின்பக்கம் லேசாக அசைகிறது. உடனே ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு சிமிட்டுகிறது. கால் மணி நேரம் நிதானமாக ஓட்டியதும் டயருக்குள் சூடு ஏறி, நமக்குத் தெரிந்த 911 திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு மதியம் வரை எந்தக் குறையும் இல்லை. ஜனவரியில் டெல்லியின் சராசரி பகல் உச்சம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். சராசரி குறைந்தபட்சமே 7-ஐ ஒட்டித்தான். சம்மர் டயர் உண்மையிலேயே திணறும் நேரம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை இரவுகளும் அதிகாலைகளும் மட்டும்.

செமி-ஸ்லிக் கதையே வேறு. 911 ஜிடி3 போன்ற கார்கள் ஆலையிலிருந்தே மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரியான டயரோடு வருகின்றன. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேச சர்க்யூட்டில், மதிய வெயிலில், இந்த ரக டயருக்கு ஈடு இணையில்லை. சூடேறிய பிறகு அது கொடுக்கும் பிடியை அனுபவித்தவர்கள் வேறு எதற்கும் மனம் இறங்கமாட்டார்கள். சிக்கல் என்னவென்றால் சர்க்யூட்டுக்குப் போகும் வழி. குளிர்காலக் காலையில், மூடுபனி சாலையில் இறங்கி ஈரப் படலமாகிக் கிடக்கும்போது, அதோடு டெல்லியின் தூசியும் எண்ணெயும் குழைந்திருக்கும்போது, ஆழமில்லாத ட்ரெட்டும் இறுகிய ரப்பரும் சேர்ந்தால் என்ன ஆகும்? மெதுவான வேகத்தில் சிக்னலுக்குப் பிரேக் பிடித்தபோதே ஏபிஎஸ் பெடலில் தடதடவென்று உதைத்தது. சாலை வேகத்தில் அந்த ரப்பர் கடைசி வரை சூடேறவே இல்லை. இத்தகைய டயர்களைக் குறைந்த வெப்பத்தில் ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கடுங்குளிரில் ரப்பர் விரிசல் விடும் அபாயமும் உண்டு. டிராக் டயரை வேனில் ஏற்றி அனுப்பி, அங்கேயே மாட்டிக்கொள்வதுதான் சரி.

இனி விண்டர் டயர். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஸ்வாபியன் ஆல்ப் மலைப்பகுதியில், சாலையில் மெலிதாகப் பனி மிதிபட்டுக் கிடந்தபோது, 911 அவ்வளவு சாதுவாக ஏறியது. சம்மர் டயர் போட்டிருந்தால் அந்த ஏற்றத்தின் பாதியில் நின்றிருப்போம். ஜெர்மனியில் பனியோ ஐஸோ படிந்த சாலையில் விண்டர் டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரிலிருந்து மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை உள்ள டயர் மட்டுமே அங்கே கணக்கில் வரும். பழைய 'எம்+எஸ்' எழுத்து மட்டும் போதாது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மான்ட்ரியல் தமிழர்களுக்கு இது பழகிப்போன வருடாந்திரச் செலவு.

மறுநாள் வெயில் வந்தது. காய்ந்த சாலை, 12 டிகிரி. அதே டயர் வேறு ஆளாக மாறியது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ட்ரெட் கட்டைகள் முதலில் வளைந்து, பிறகுதான் கார் திரும்புகிறது. பிரேக்கை அழுத்தினால் பெடலுக்கும் தரைக்கும் நடுவே மெத்தை ஒன்று இருப்பதுபோன்ற உணர்வு. நிற்கும் தூரம் கூடியது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த டயர் அதற்காகத் தயாரானதல்ல. ஆனால் டெல்லியில் ஜனவரி மதியமே 20 டிகிரி, பிப்ரவரி கடைசியில் 25-ஐத் தாண்டும், மார்ச்சில் 30. அந்தச் சூட்டில் விண்டர் ரப்பர் பென்சில் அழிப்பான் மாதிரி தேயும். அதிகாலையில் கிடைக்கும் சிறிய லாபத்துக்காக நாள் முழுதும் பிரேக்கையும் திருப்பத்தையும் விட்டுக்கொடுப்பது நல்ல பேரமாக எனக்குத் தெரியவில்லை.

வாங்க நினைத்தாலும் எளிதில் கிடைக்காது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. போதாக்குறைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். மிஷலின் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி விண்டர் சோட்டோஸீரோ 3 போன்றவை 911-க்குப் பொருந்தும் அளவுகளில் வெளிநாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. டெல்லியின் உதிரிபாகச் சந்தையான காஷ்மீரி கேட்டில் கேட்டால் கிடைக்காது. குருகிராமில் தலைமையகமும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஆலையும் வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ், 2009-இல் நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டைனை வாங்கியது. அந்தப் பெயரில் ஐரோப்பியர்களுக்கு ஆண்டுதோறும் விண்டர் டயர் விற்கிறது. ஹரியானாவிலிருந்து நடத்தப்படும் ஒரு நிறுவனம் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளுக்கு டயர் கொடுப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அப்படியென்றால் டெல்லி 911-க்கு எதை வாங்குவது? நல்ல ரக சம்மர் டயர், புதிதாகத் தயாரானது, ஈரத்தில் பிடி குறையாதது. போர்ஷே தன் கார்களுக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களின் சைடுவாலில் 'என்' எழுத்தில் தொடங்கும் ஒரு குறி இருக்கும், அதைத் தேடுங்கள். நான்கும் ஒரே மாடலாக, ஒரே குறியோடு இருக்கட்டும். பின்னால் இரண்டை மட்டும் வேறு டயராக மாற்றினால், கார் எந்தப் பக்கம் முதலில் வழுக்கும் என்று இன்ஜினீயர்கள் போட்ட கணக்கே கலைந்துவிடும். தயாரிப்புத் தேதியைக் கடைக்காரரின் வாயிலிருந்து கேட்காமல் நீங்களே குனிந்து பாருங்கள். சைடுவாலில் நான்கு இலக்கம் இருக்கும்: 3624 என்றால் 2024-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம். அகலமான ஸ்போர்ட்ஸ் டயர்கள் இங்கே மெதுவாகத்தான் விற்கும் என்பதால் குடோனில் வருடக்கணக்கில் கிடந்தது வந்து சேர வாய்ப்பு உண்டு. பழைய ரப்பர் ஏற்கெனவே இறுகியது. டெல்லிக் காலையில் அது இன்னும் மோசமாகும். ட்ரெட் ஆழத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். அது வரை காத்திருக்காதீர்கள். குளிர் தொடங்கும்போது 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அப்போதே மாற்றிவிடுவேன்.

டயரைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது காற்று. வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபர் மதியம் 33 டிகிரியில் நிரப்பிய டயர், ஜனவரி காலை 5 டிகிரியில் 5 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். வேறெந்தக் கசிவும் தேவையில்லை. நைட்ரஜன் அடித்தால் இது நடக்காது என்று டயர் கடைகளில் சொல்வார்கள். நைட்ரஜனும் வாயுதான், அதே விதிக்குத்தான் கட்டுப்படும். நண்பரின் காரில் நான் முதலில் உணர்ந்த தளர்ச்சியில் ஒரு பங்கு இதனால் வந்தது. கார் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிசெய்ததும் முன் டயர்களின் தயக்கம் கண்கூடாகக் குறைந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

எந்த டயரும் தீர்க்காத ஒன்று மூடுபனி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல டயர், காய்ந்த சாலை, உராய்வு எண் 0.9 என்று வைத்தால் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 44 மீட்டர். குளிரும் ஈரமும் சேர்ந்து அது 0.7 ஆனால் 56 மீட்டர். கண் பார்த்து கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி, அதாவது இன்னொரு 28 மீட்டர். மொத்தம் 84. வானிலைத் துறையின் கணக்கில் 'மிக அடர்ந்த மூடுபனி' என்றால் 50 மீட்டருக்குள் மட்டுமே கண் தெரியும். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலத்தில் கார்களுக்கான வேக வரம்பை 100-இலிருந்து 75-ஆகக் குறைக்கிறார்கள். அந்த 75-இல்கூட இதே ஈரச் சாலையில் நிற்க 52 மீட்டர் தேவை. 911-இன் பிரேக் உலகிலேயே சிறந்ததாக இருக்கலாம். பின்னால் வரும் லாரிக்கு அந்தப் பிரேக் இல்லை. அடர்ந்த மூடுபனி இருக்கும் காலைகளில் இந்தக் காரை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கடைசியாக மணாலி ஆசை. டெல்லியிலிருந்து கிளம்பி, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பக்கம் பனியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று 911 உரிமையாளர்கள் பலர் நினைக்கிறார்கள். சுரங்கத்தின் இரு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேலே. மறுபுறம் வெளியே வந்ததும், நிழல் விழுந்த திருப்பங்களில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலம் காத்திருக்கும். அங்கே விண்டர் டயர் உண்மையிலேயே தேவை. ஆனால் பனி கொட்டும்போது போலீஸ் 4x4 வண்டிகளையோ சங்கிலி கட்டிய வண்டிகளையோ மட்டும்தான் மேலே விடுகிறார்கள். தரையோடு ஒட்டிய ஒரு கரேராவில், அகலமான டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே சங்கிலிக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. போர்ஷேவே பனிக்கும் மண்ணுக்கும் ஒரு 911-ஐத் தர நினைத்தபோது, காரை 50 மில்லிமீட்டர் உயர்த்தி, 9 மில்லிமீட்டர் ஆழ ட்ரெட் கொண்ட ஆல்-டெரெய்ன் டயர் மாட்டி, 2022-இல் 911 டகார் என்று தனியாகத்தான் கொண்டுவந்தது. அதுவும் 2,500 கார்கள் மட்டும்.

நண்பர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்மர் டயரிலேயே இருக்கிறார், ட்ரெட் குறைந்திருந்த முன் டயர்கள் இரண்டையும் அதே மாடலில், அதே குறியோடு மாற்றிக்கொண்டார். செமி-ஸ்லிக் செட்டை மார்ச் வரை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டார். பனி பார்க்க மணாலிக்கு வால்வோ பஸ்ஸில் போய், அங்கே உள்ளூர் டிரைவரின் 4x4-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்.