பிசிறு வெட்டிய படங்கள்: காட்டுக் காளான் ஒளிப்படங்களை முன்வைத்து

ஐப்பசி மழை இறங்கியதும் திருப்பூரில் ஒருவகைப் படம் சுற்றத் தொடங்குகிறது. காட்டுக் காளான். கறுப்புப் பின்னணி, பின்னாலிருந்து ஊடுருவும் ஒளி, குடை விளிம்பில் ஒரு நீர்த்துளி, அடியில் மடிப்பு மடிப்பாக விரியும் செதில்கள். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை எல்லாமே கூர்மை. கைபேசித் திரையில் பார்த்தாலும் சட்டமிட்டுச் சுவரில் பார்த்தாலும் ஒரே படத்தைத்தான் திரும்பப் பார்க்கிறோமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இவை ஒன்றுபோல் இருக்கின்றன. இவை அழகாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அழகு எதைக் கொடுத்து வாங்கப்பட்டது என்று கேட்கலாம்.

முதலில் தொழில்நுட்பம். இந்த அழகியலின் கொள்கை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. மேக்ரோ லென்ஸ் ஒரு பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச்செய்யும்போது, எஃப் 8 துளையில் கூர்மையாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். செதிலின் ஒரு மடிப்பு தெளிந்தால் அடுத்தது மங்கிவிடும். துளையை மிகச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதுமே மழுங்கும். இதற்குக் கண்ட மாற்றுவழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். கேமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி முப்பதோ ஐம்பதோ படங்கள் எடுக்க வேண்டும். பிறகு ஹெலிகான் ஃபோகஸ், சிரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் கூர்மையாக உள்ள பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக்கித் தரும். நம்மூர் பாஷையில் சொன்னால், கட்டிங் ஆகி பீஸ் பீஸாக வந்ததை ஓவர்லாக் அடித்து ஒரு பனியனாக்குவது. தையல் மட்டும் வெளியே தெரியக் கூடாது.

ஆக, நாம் பார்ப்பது ஒரு கணத்தின் பதிவு இல்லை. பல நிமிடங்களில் எடுத்த துண்டுகளிலிருந்து கட்டமைக்கப்பட்ட ஒரு பரப்பு. அருகிலிருப்பதையும் தள்ளியிருப்பதையும் ஒரே தெளிவில் காணும் இந்தக் கண் யாருடையது? மனிதக் கண் ஒன்றைப் பார்க்க இன்னொன்றை மங்கவிடுகிறது. மங்கலில்தான் பார்ப்பவன் நிற்கும் இடம் தெரியும். முழுத் துல்லியம் அந்த இடத்தை அழித்துவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் லென்ஸையே மறுப்பதாக நினைக்க வேண்டாம். வால்டர் பெஞ்சமின் 1931இல் ஒளிப்பட வரலாறு பற்றி எழுதிய கட்டுரையில், கார்ல் புளோஸ்ஃபெல்ட் பெரிதாக்கி எடுத்த தாவரப் படங்களைக் கொண்டாடினார். நனவிலியை உளப்பகுப்பாய்வு காட்டித் தருவதுபோல, கண்ணுக்குத் தப்பியதைக் கேமரா காட்டித் தருகிறது என்பது அவர் வாதம். காளான் செதிலின் மடிப்பை இந்தப் படங்கள் வழியாகத்தான் நானும் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். ஆனால் அதே பெஞ்சமின் 1934இல், ‘உலகம் அழகானது’ என்று தன் படநூலுக்குப் பெயர் வைத்த ரெங்கர்-பாட்ஷை முன்னிறுத்தி வேறொன்றையும் சொன்னார்: இந்தவகை ஒளிப்படம் வறுமையைக்கூட ரசிக்கத்தக்க பண்டமாக்கிவிட்டது. முதல் பெஞ்சமினை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாமவரைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

எதெல்லாம் விடுபடுகிறது? முதலாவது, அசைவு. காளான் அசையாது, அதனாலேயே இந்த முறைக்குத் தோதான பொருள். ஆனால் அது தனியாக இருப்பதில்லை. குடையடியில் கடுகினும் சிறிய பூச்சிகள் மேய்கின்றன. இருபதாவது படத்துக்கும் இருபத்தொன்றாவது படத்துக்கும் இடையில் ஒன்று நகர்ந்தால் முடிவில் இரட்டை உருவாக, பேய்போல நிற்கும். அதைக் குறை என்று அழித்துவிடுவார்கள். செதிலிலிருந்து நுண்வித்துகள் புகைபோல் உதிர்வதையும் இந்த முறையால் பிடித்துவைக்க முடியாது. காளான் என்னும் உறுப்பு முளைப்பதே அதற்காகத்தான்!

இரண்டாவது, அடி. படமெடுக்கும் முன் சருகும் புல்லும் ‘சுத்தம்’ செய்யப்படுகின்றன. தண்டு கறுப்பிலிருந்து முளைக்கிறது. புற்றுக்காளானையே எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மிட்டோமைசஸ் என்பது அதன் பேரினப் பெயர். கறையான் புற்றுக்குள் தாவரக் கூளத்தின் மேல் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து, வேர்போன்ற நீண்ட தண்டோடு மண்ணைத் துளைத்து மேலே வருவது அது. மேலே தெரியும் குடை கனி மட்டும்தான். தரைக்கு மேல் எடுத்த படம் பாதிக்கதை.

இது வெறும் அழகியல் பிரச்சினையும் இல்லை. ஆளைக் கொல்லும் அமனிட்டா வகைகளின் முக்கிய அடையாளம் தண்டின் அடியில் மண்ணில் புதைந்திருக்கும் உறை. 2022 ஏப்ரலில் அசாமில் தேயிலைத் தோட்டத்து மக்கள் பலர் நச்சுக் காளான் உண்டு இறந்தார்கள். உயிர் தொங்கும் அந்தப் பகுதியைத்தான் இந்தப் படங்கள் இருட்டுக்குள் தள்ளுகின்றன.

இவற்றில் ஒன்றைக் காங்கேயம் பக்கம் கொரங்காட்டில் மாடு மேய்க்கும் ஒரு பாட்டியிடம் காட்டினேன். “இது புத்துல மொளச்சதா, சாணியில மொளச்சதா சாமி?” என்றார். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரிடம் காட்டினேன். சால மரத்தடி மண்ணைக் கிளறி ருக்டா பொறுக்கித் தின்று வளர்ந்தவர். “எந்த மரத்துக் கீழ, அண்ணா?” என்றார். இருவருமே அழகைப் பற்றி ஒண்ணும் சொல்லவில்லை. காளானை வாசிக்கத் தெரிந்தவர்களின் முதல் கேள்வி அது எதில் முளைத்தது என்பது. படத்தில் அதற்கு விடை இல்லை.

நம் சங்கப் பிரதிகளில் அந்த விடை இருக்கிறது. புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் இன்னும் நுணுக்கம்: பழஞ்சுவரைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதியில் காளான் பூக்கிறது. குப்பையில் கிடைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடாதபடி கதவடைத்துத் தின்னும் குடும்பம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ‘பூத்தது’ என்ற சொல்லில் அழகு உண்டு. ஆனால் அடுப்பையும் சுவரையும் வெட்டிவிட்டு ஆம்பியை மட்டும் கறுப்புத் துணியின் முன்னால் வைத்தால், பசி படத்தைவிட்டு வெளியே போய்விடும். இரண்டாம் பெஞ்சமின் எச்சரித்தது இதைத்தான்.

இந்தப் படங்கள் திருப்பூரிலிருந்து கிளம்புவது தற்செயலா? ஞாயிற்றுக்கிழமை அமராவதி அணைப் பக்கம், ஆனைமலை அடிவாரம் என்று ‘தூய இயற்கை’யைத் தேடிப் போகிறார்கள். பூஞ்சையோ ஊருக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை மக்கச்செய்த டிரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சை, இன்று செல்லுலேஸ் நொதியின் முதன்மையான ஆதாரங்களில் ஒன்று. நாம் ‘பயோ வாஷ்’ என்கிறோமே, பனியன் துணியின் மேல்பிசிறைத் தின்று வழவழப்பாக்குவது செல்லுலேஸ்தான். படக்காரர்களுக்குப் பிடித்த, வண்ண வளையங்கள் கொண்ட டிராமெடிஸ் வெர்சிகலர் மரத்தை மக்கச்செய்யச் சுரக்கும் லாக்கேஸ் நொதி சாயங்களின் நிறத்தைச் சிதைக்க வல்லது என்பது ஆய்வகங்களில் நிறுவப்பட்டது. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப்போன ஊர் இது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். இங்கே பூஞ்சை அழகுப்பொருளாக மட்டும் இருக்க முடியாது. அது உழைப்பின், நஞ்சின், மக்குதலின் கதையில் ஒரு பாத்திரம்.

லென்ஸும் இந்த ஊருக்குப் புதிதில்லை. துணியின் கண்ணிகளைச் சிறு லென்ஸ் வைத்து எண்ணுவது இங்கே அன்றாடத் தொழில். அந்த லென்ஸ் பிழையைத் தேடுகிறது. எந்த மெஷின், எந்த நூல் என்று பின்னோக்கிப் போகிறது. காளான் படத்தின் லென்ஸோ பிழையை நீக்கிவிட்டு நிற்கிறது. பையருக்கு அனுப்பும் சாம்பிளில் பிசிறு வெட்டிய பெண்ணின் கை தெரியக் கூடாது என்பதுபோல, படத்தில் புற்றும் சாணியும் பூச்சியும் தெரியக் கூடாது. ஏற்றுமதிக்குப் பழகிய கண் இயற்கையையும் சாம்பிளாகவே பார்க்கிறது என்பது என் வாசிப்பு.

மாற்று என்ன? ஐம்பது படங்களை அடுக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்திலேயே, அதே காளான் நின்ற இடத்தை அகலமாக, ஒரே கணத்தில் எடுத்த இன்னொரு படத்தையும் வையுங்கள். பூச்சி இரட்டையாகத் தெரிந்தால் தெரியட்டும். எந்த மரம், எந்த மண், மழை பெய்து எத்தனை நாள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பாட்டியும் அந்தத் தொழிலாளியும் கேட்டதற்குப் பதில் சொல்லும் படத்தைத்தான் காளானின் படம் என்று ஏற்க முடியும். மற்றவை லென்ஸுக்கான விளம்பரம்.