அம்மா பக்கம் உட்கார்ந்து பார்த்த படம்

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய 'காதல் என்பது பொதுவுடமை' 2025 பிப்ரவரி 14-ல் வந்தது. நான் பாடாலூர் வீட்டில், அத்தையோடு போன்லதான் பார்த்தேன். சாம் (லிஜோமோள்) தனக்கு ஒரு காதல் இருப்பதாக அம்மாவிடம் சொல்கிறாள். வீட்டுக்கு வரச்சொல் என்கிறார் அம்மா. பையனை எதிர்பார்த்துக் காத்திருந்தால், வந்து நிற்பது நந்தினி (அனுஷா பிரபு). முற்போக்கு பேசுகிற அம்மா லட்சுமி (ரோகிணி) ஆடிப்போகிறார்.

அத்தை கண்ணைத் துடைத்ததெல்லாம் லட்சுமிக்காகத்தான். "பெத்தவளுக்கு எப்படி இருக்கும்?" படமும் நம்மை அந்தப் பக்கம்தான் உட்கார வைக்கிறது. 1998-ல் 'ஃபயர்' இங்கே திரைக்கு வந்தபோது மும்பையில் தியேட்டரை உடைத்தார்கள். ஆனா தீபா மேத்தா அந்த ரெண்டு பெண்களை விட்டு நகரவில்லை. இப்போ எதுவும் உடையலை, சந்தோஷம். அதுக்கு விலையா, காதலிக்கிற பிள்ளைகள் விளக்கம் சொல்லும் இடத்துக்குப் போய்விட்டார்கள்னு எனக்குப் பட்டது.

அத்தையைத்தான் கொஞ்சம் குறைச்சு எடை போட்டுட்டேன். மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டாங்க: "அந்தப் புள்ளைங்க ரெண்டும் அப்புறம் எங்க குடியிருக்கும்? யாரு வாடகைக்கு வீடு குடுப்பா?"