டிராயிங் மாஸ்டரின் நோட்டுகள்

முகப்பேர் மேற்கில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், ஓய்வு பெற்ற ஒரு டிராயிங் மாஸ்டர் இருக்கிறார். அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில் 41 நோட்டுகள் இருக்கின்றன. 1984-லிருந்து தினமும் அவர் போட்டுவந்த ஸ்கெட்சுகள். வருஷத்துக்கு ஒரு நோட்டு என்று கணக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. போட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

நண்பர் ஒருவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். பஸ் பாடி மேம்பாலம் ஏறுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்: "நாற்பது வருஷம் ஐயா, ஒரு நாள் விடவில்லை." எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் விடாமல் பிள்ளையாரைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் விடாமல் பால் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடையே சில கவிஞர்களும் தினம் ஒன்று எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். படிக்கிறவனுக்கு அது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. நண்பர் சங்கீதக்காரர்களை உதாரணம் காட்டினார். விடியற்காலை சாதகம். சரி. ஆனால் அகார சாதகத்தை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை. இரண்டுக்கும் இடம் வேறு, நேரம் வேறு, கேட்கிறவர்கள் வேறு. ஸ்கெட்ச் நோட்டில் சாதகமும் கச்சேரியும் ஒரே தாளில் நடக்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்லப் பல சமயம் வரைந்தவராலேயே முடிவதில்லை. பார்க்கிறவன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உட்கார்ந்து 41 நோட்டுகளையும் புரட்டியது இந்தக் காரணத்துக்காகத்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மாஸ்டரின் மனைவி, "பேப்பர்காரனுக்குப் போடாம நான் காப்பாத்தி வச்சிருக்கேன், அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

முதல் நோட்டுகள் எதிர்பார்த்தபடியே இருந்தன. ஒரு குடம். ஒரு கூஜா. கைப்பிடி வைத்த ஜாடி. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இடது பக்கத்தைப் போட்டுவிட்டு அதையே திருப்பி வலது பக்கத்தில் இறக்கியிருக்கிறார். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதியவர்களுக்கு இது பழக்கம். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் என்று அந்தப் பேப்பருக்குப் பெயர். கைக்கு அதைவிடக் குறைவான சுதந்திரம் வேறு எங்கும் கிடையாது. கோடு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே கனத்தில் போக வேண்டும். எங்கே தயங்கியது என்று தெரியக் கூடாது. போட்டுப் பார்த்த கோடுகளை ரப்பரால் அழித்துவிட வேண்டும், அதாவது பார்த்ததற்கான சாட்சியத்தை அழித்துவிட வேண்டும். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓவியப் பள்ளியை ஆரம்பித்தபோது கைத்தொழிலுக்கு உதவும் வரைதல் அவருடைய நோக்கங்களில் முக்கியமானதாக இருந்தது. எழும்பூரில் அந்தப் பள்ளி கல்லூரியாகி, 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்து, பின்னர் கே.சி.எஸ். பணிக்கர் வந்து, 1966-இல் சோழமண்டலம் வரைக்கும் போய்விட்டது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டருக்கான சர்டிபிகேட் மட்டும் அந்தக் குடத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. நம் சூழலில் 'ஓவியர்' என்பவர் ஒரு ஜாதி, 'டிராயிங் மாஸ்டர்' என்பவர் இன்னொரு ஜாதி. கொள்வினை கொடுப்பினை கிடையாது. நானும் அந்த ஜாதி புத்தியோடுதான் முதல் நான்கு நோட்டுகளைப் புரட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடிவிட்டுக் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று தோன்றியது.

ஐந்தாவது நோட்டில் ஆதிமூலம் வந்து சேர்கிறார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் போட்ட படங்களைப் பார்த்துத் தன் கை 'கிறுக்குப் பிடித்துப் போனது' என்றார் மாஸ்டர். சிறுபத்திரிகைகள் எதையும் அவர் பார்த்ததில்லை. ஆதிமூலத்தின் கோடு நம் பத்திரிகைகளில் எத்தனை வருஷம் இருந்திருக்கிறது என்று நான் சொன்னபோது, மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆதிமூலத்தின் கோட்டைப் பற்றி நம்மிடையே பேசப்பட்டது அதிகம், பார்க்கப்பட்டது குறைவு. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் போட்ட காந்தி சித்திரங்களில் கோடுகள் புதர் மாதிரி மண்டிக்கொண்டு வருகின்றன. புதருக்குள்ளிருந்து முகம் தானாகத் திரண்டு வருகிறது. முகம் முதலில் இருந்து, பின்னால் அதன் மேல் கோடுகள் அப்பப்பட்டதல்ல. அதுதான் அந்தச் சித்திரங்களின் பலம். ராஜாக்கள் வரிசையில் கோடு தன்னையே ரசிக்க ஆரம்பித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். நண்பர்கள் சண்டைக்கு வரலாம். அவர் பின்னால் அந்த லாகவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணெய் வர்ணத்துக்கும் அரூபத்துக்கும் போனதை நம்மில் பலர் இழப்பாகப் பார்த்தார்கள். கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அது தெரியாதவர்கள்தான் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கதைக்கும் கவிதைக்கும் நடுவில் மிஞ்சும் அரைப் பக்கத்தை நிரப்ப, ஒரு கிழவர், சிக்கலான தாடி, இரண்டு சுருக்கம். நம் பத்திரிகைகளில் எத்தனை பார்த்திருக்கிறோம். நம் மாஸ்டரும் ஏழெட்டு வருஷம் இதைச் செய்திருக்கிறார். அந்த நோட்டுகள்தான் 41-இல் ஆக மோசமானவை. அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் டீ குடிக்கும் தொழிலாளி ரிஷி மாதிரி இருக்கிறார். கண்டக்டர் ரிஷி மாதிரி இருக்கிறார். ஒரு எருமை கூட ஞானம் அடைந்துவிட்ட மாதிரி நிற்கிறது.

தினமும் போட்டதனால் இந்த வியாதி குணமாகிவிடவில்லை, முற்றித்தான் போயிற்று. நண்பரிடம் இதைச் சுட்டிக்காட்டினேன். அவர் சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போய்விட்டார்.

குணமானது வேறு காரணத்தால். வேறு பள்ளிக்கு மாற்றலாகி, இரண்டு பஸ் மாற வேண்டி வந்தது. வீட்டில் மேஜையின் முன் உட்கார நேரம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு பால்பாயிண்ட் பேனாவால் போட ஆரம்பித்தார். ரப்பர் உதவாது. அதைவிட முக்கியம், எதிரில் இருப்பவர்கள் போய்விடுகிறார்கள். 1998-ஆம் வருஷ நோட்டில் ஒரு பக்கம்: வயர் கூடையோடு ஒரு பெண். தோள், முழங்கை, கூடையின் கனத்தால் இறங்கிய வலது பக்கம், எடையைத் தாங்க வெளியே தள்ளிய இடுப்பு. தலை இல்லை. கழுத்தருகே கோடு நின்றுவிட்டது. பஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். கூடைதான் முதலில் ஆரம்பிக்கப்பட்டிருக்கிறது என்பது கோட்டின் அழுத்தத்தில் தெரிகிறது. பரீட்சைக்குப் படித்த கை எதையும் மேலிருந்து கீழே போடும். ஆதிமூலம் பைத்தியம் பிடித்த கை முகத்தில் ஆரம்பிக்கும். இந்தக் கை கனம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பித்திருக்கிறது. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து தலையைப் போட்டு முடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அப்புறமாப் போட்டா அது அந்தம்மா தலை இல்ல சார், என் தலை" என்றார்.

நண்பர் இதை உடனே டைரியில் குறித்துக்கொண்டார். மாஸ்டர் சொன்னது எளிமையான ஒரு தொழில் விஷயம். ஞாபகத்திலிருந்து போடும்போது கைக்குத் தெரிந்த தலைதான் வரும். கைக்கு அப்போது தெரிந்த தலை ரிஷித் தலை.

இனி எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஸ்கெட்சுகளை அவருடைய மாணவர்கள் ஒருவர் கூடப் பார்த்ததில்லை. வகுப்பில் அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை, தென்னை மரம். கரும்பலகையில் அவர் போட, பிள்ளைகள் பார்த்துப் போட்டார்கள். பாதி வகுப்புகளைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டார். அதாவது, தான் நம்பாததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொல்லிக் கொடுக்காததைப் பஸ் ஸ்டாப்பில் செய்துகொண்டிருந்திருக்கிறார், ஏறக்குறைய ரகசியமாக.

சாந்திநிகேதனில் நந்தலால் போஸும் தினமும் வரைந்த ஆசிரியர்தான். கையில் எப்போதும் கார்டுகள் இருக்கும். ஆடு, மரம், சந்தைக்குப் போகிற சந்தால் பெண், எதைப் பார்த்தாலும் ஒரு கார்டு. அவற்றைத் தபாலில் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பினார். வரைவது, கடிதம் எழுதுவது, பாடம் நடத்துவது மூன்றும் அவருக்கு ஒரே காரியம். 1938-இல் ஹரிபுரா காங்கிரசுக்கு அவர் போட்ட சித்திரங்களின் வேகம் அந்தக் கார்டுகளில் சம்பாதித்த வேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து 1944-இல் அங்கே படிக்கப் போன கே.ஜி. சுப்ரமண்யன், பிற்பாடு பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் ஆசிரியராக இருந்தபோது இந்தப் பழக்கத்தின் வாரிசாகத்தான் இருந்தார். பால் க்ளே பௌஹவுஸில் பாடம் நடத்தத் தயாரித்த குறிப்புகளிலிருந்து 1925-இல் வந்த புத்தகத்துக்கே பெயர் ஸ்கெட்ச் புத்தகம் என்றுதான். சென்னையிலும் தனபாலும் சந்தானராஜும் மாணவர்கள் நடுவில் வரைந்தவர்கள். ஆனால் அது எழும்பூர் காம்பவுண்டுக்கு உள்ளே.

முகப்பேர் மாஸ்டரிடம் இதைச் சொல்லிக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? 2012-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கெல்லாம் சேர்த்து 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு தொகை கூடியிருக்கிறது. இவர் நிரந்தர வேலையில் இருந்தவர், அந்த அளவுக்கு அதிர்ஷ்டசாலி. இருந்தும் கேட்டுவிட்டேன். ஒரு நாளாவது அந்த நோட்டை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே? வெகு நேரம் பேசாமல் இருந்தார். "தலை இல்லாத பொம்பளையைக் காட்டினா பசங்க சிரிக்கும் சார்" என்றார் கடைசியில். பிள்ளைகள் சிரித்திருக்கும், வாஸ்தவம். சிரித்துவிட்டு அடுத்த நாள் ஒன்றிரண்டு பேர் கூடையிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். இதில் அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை, கண்டிக்கவும் முடியவில்லை.

2020-ஆம் வருஷ நோட்டு முழுக்க அவருடைய இடது கைதான். ஊரடங்கு. அலுப்பூட்டுகிறது. அலுப்பு அவருக்கும் இருந்திருக்கிறது. நகங்களைப் போடுவதை ஏப்ரலிலேயே விட்டுவிட்டார்.

நண்பரின் திட்டம் 40 நல்ல ஸ்கெட்சுகளைப் பொறுக்கி, சட்டம் போட்டுக் காட்சிக்கு வைப்பது. பொறுக்கக் கூடாது என்றேன். "தினமும் போட்டதில் விசேஷம் இல்லை என்றீர், இப்போது எல்லாவற்றையும் வை என்கிறீர்" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. பதில் எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது, 2015-ஆம் வருஷ நோட்டில்.

டிசம்பர் மழை. நகரம் முழுக்கத் தண்ணீர், மின்சாரம் இல்லாத நாட்கள். நம் புகைப்படக்காரர்களும் ஓவியர்களும் வெள்ளத்தைப் போட்டார்கள்: படகு, கூரை, கையேந்தும் குழந்தை. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சமையலறையில் பிடித்து வைத்திருந்த குடங்களைப் போட்டிருக்கிறார். ஆறு பக்கம். பிளாஸ்டிக் குடம் நான்கு, பழைய பித்தளைக் குடம் ஒன்று. வெளிச்சம் படாத வலது பக்கம் போடப்படவே இல்லை. அங்கே தாள் சும்மா இருக்கிறது, இருட்டாகத் தெரிகிறது. நிரம்பிய குடத்துக்கு அடிப்பக்கத்துக் கோடு தாளில் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுத்தமாக இருக்கிறது. காலிக் குடத்தின் கோடு தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. எது நிறைகுடம், எதில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம். ஆறு நாட்களில் நிறைகுடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வேறு எந்த விவரமும் இல்லை. அந்த வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பது முழுக்க வந்துவிட்டது.

எழுந்து போய் முதல் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். 1984-இன் குடம். அதே பித்தளைக் குடம்தான். கழுத்தில் ஒரு நசுங்கல் உண்டு, பரீட்சைக் குடத்தில் அதைச் சரி செய்துதான் போட்டிருக்கிறார். 2015-இல் நசுங்கல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவனுக்கு இரண்டாவது நல்ல ஸ்கெட்ச், அவ்வளவுதான். நடுவில் அந்த ரிஷிகளும் எருமையும் வேண்டும். கை எங்கெல்லாம் போய்த் திரும்பியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். 31 வருஷம் தினமும் போட்டது காரணமில்லை. அதே குடத்திடம் அந்தக் கை மறுபடி வந்து சேர்ந்ததுதான் விஷயம். வராமலே போயிருக்கவும் கூடும். நண்பர் பாதி ஒப்புக்கொண்டார்.

காட்சி நடக்குமா தெரியாது. இந்த இதழில் நான்கு படங்கள் போடுவதாக முடிவாயிற்று. கூடைக்காரி ஒன்று, 2015-இன் குடங்களில் இரண்டு, 1984-இன் குடம் ஒன்று என்று கேட்டேன். மாஸ்டர் மற்றதற்கெல்லாம் சரி என்றார். கடைசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தரவில்லை.

"இது வேணாம் சார். இது பரீட்சைக்குப் போட்டது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆகவே இதில் மூன்று படங்கள்தான் இருக்கின்றன.