கல்லில் உள்ளபடி

நியூ இங்கிலாந்தின் பழைய கிராமக் கல்லறைகளில் எழுத்துப் படிக்கப் போகிறவர்கள் கூடவே ஒரு நிலைக்கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். அலமாரிக் கதவில் பொருத்துகிற சாதாரணக் கண்ணாடிதான். நேர் வெளிச்சத்தில் வெறும் சாம்பல் பலகையாகத் தெரிகிற கல்லுக்குப் பக்கவாட்டில், சில அடி தள்ளி, ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலை வாங்கிக் கல்லின் முகத்தை உரசினாற்போல ஓடவிடுவார். உளி இறங்கிய பள்ளத்தின் ஒரு கரை மின்னும், மறு கரையில் நிழல் விழும். அதுவரை தேய்ந்துபோனதென்று நினைத்த வரி முழுசாக எழுந்து வரும். கல்லை யாரும் தொடவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு தேவை என்றால், கற்கள் நிற்கும் திசை அப்படி. இறுதி நாளில் எழுந்திருப்பவர் உதயத்தைப் பார்த்தபடி எழவேண்டும் என்று காலைக் கிழக்கே நீட்டிப் புதைத்தார்கள். தலைமாட்டில் நட்ட கல்லின் எழுத்து பெரும்பாலும் உடலுக்கு எதிர்ப்புறமாக, மேற்கே பார்க்கும். ஆகவே காலை முழுக்க எழுத்து நிழலில் கிடக்கும். சூரியன் உச்சி தாண்டும்போது சிறிது நேரம் மட்டும் சாய்வெளிச்சம் அதுவாகவே வந்து விழும். அந்தச் சிறு இடைவெளிக்காகச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காத்திருப்பவர்களும் உண்டு. வடக்கே பார்க்கும் கல்லுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. கண்ணாடியை விட்டால் வழியில்லை.

கல்வெட்டு என்றால் மைப்படிதானே என்று நம் ஆட்களுக்குத் தோன்றும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் அந்த வித்தை தஞ்சைக் கருங்கல்லுக்குப் பொருந்தும். மாசசூசெட்ஸ் சிலேட்டில் தட்டினால் எழுத்து பொருக்காக உரிந்து கையோடு வந்துவிடும். அங்கே காகிதம் ஒட்டி மெழுகுக் கட்டியால் தேய்த்து நகல் எடுப்பது ஒரு காலத்தில் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே அடுக்கு விட்டுப்போன கல்லில் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு அடி. நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கு முன் அனுமதி வாங்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சிலேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் பலப்பத்தால் எழுதிய அதே இனம். களிமண் படிவு அழுத்தத்தில் இறுகி ஏடு ஏடாக ஆன கல். பொடி நுண்மையானது என்பதால் உளியின் ஒவ்வொரு அசைவையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. 1690-இல் வெட்டிய எழுத்தின் விளிம்பு சில கற்களில் இன்றும் விரல் நகத்தில் தட்டும். அதற்குப் பின், 19-ஆம் நூற்றாண்டில் பளிங்கு மோகம் வந்தது. வெள்ளை வெளேரென்று, செல்வச் செழிப்பாக. மழையில் இருக்கும் சிறிதளவு அமிலம் போதும். பளிங்கின் மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிர ஆரம்பித்துவிடும். ஆகவே ஒரே கல்லறையில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் பளிச்சென்று தெரியும், பேரன் பெயர் அழிந்துபோயிருக்கும். பதிவு செய்கிறவர்கள் புதுக்கல்லை முதலில் எழுதிக்கொள்வதன் காரணம் இதுதான். கனெக்டிகட் பள்ளத்தாக்கின் செம்பழுப்பு மணற்கல் இன்னொரு வகைத் துன்பம். அது எழுத்தைத் தேய்க்காது, முகத்தையே ஒரே தகடாகக் கழற்றிப் போட்டுவிடும்.

இவற்றுக்கு நடுவே நீலச் சாம்பல் நிறத்தில் கூர்மை குறையாமல் ஒரு தூண் நின்றால், அதை விரலால் தட்டிப் பாருங்கள். டங்கென்று ஒலிக்கும். அது துத்தநாக வார்ப்பு, உள்ளே வெறும் கூடு. பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஒரு கம்பெனி 1870-களிலிருந்து அதை ‘வெள்ளை வெண்கலம்’ என்று சொல்லி விற்றது. வெள்ளையும் இல்லை, வெண்கலமும் இல்லை. ரசனை உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் அதன் எழுத்தைப் படிக்கக் கண்ணாடியே தேவையில்லை. கல் என்று எழுதாமல் உலோகம் என்று குறித்துக்கொண்டு நகரவேண்டியதுதான்.

இனி எழுதிக்கொள்ளும் வேலை. உண்மையான கலை இங்கேதான் தொடங்குகிறது. அதன் கஷ்டமெல்லாம் ஒன்றையும் திருத்தாமல் இருப்பதில் இருக்கிறது. கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கே தாளிலும் முடியவேண்டும், அல்லது ஒரு சாய்கோடு போட்டுக் காட்டவேண்டும். சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தால் பாதியில்தான் உடைக்கவேண்டும். எஃப் போலத் தோன்றும் பழைய நீள எஸ்ஸையும், மேலே தூக்கி எழுதிய சுருக்க எழுத்துகளையும் அப்படியே காட்டவேண்டும். கல்தச்சர் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பிறகு கூரைக்குறி போட்டு வரிக்கு மேலே அதைச் செருகியிருப்பார். கல்லில் அழிரப்பர் வேலை செய்யாதே! அந்தச் செருகலைச் சரியான சொல்லாக எழுதிவிட்டால், ஒரு மனிதன் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட கணம் பதிவிலிருந்து போய்விடும்.

திருத்தத் தூண்டும் இடங்களில் மிக மோசமானது ஆண்டுதான். இறந்த நாள் பிப்ரவரி 1713/4 என்று, கீழும் மேலுமாகப் பின்னம்போல் வெட்டியிருக்கும். அவசரக்காரர் கல்தச்சருக்குச் சந்தேகம் என்று நினைத்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவார். சந்தேகம் ஒன்றும் இல்லை. 1752 வரை ஆங்கிலேயருக்குச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆனால் ஜனவரியில் ஆண்டு பிறப்பதாக எண்ணும் வழக்கமும் பக்கத்திலேயே இருந்தது. ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடையில் இறந்தவருக்கு இரண்டு கணக்கிலும் ஓர் ஆண்டு உண்டு. இரண்டையும் வெட்டினார்கள். கல்தச்சருக்குத் தெரிந்த சங்கதி, கையில் பேனாவோடு நிற்பவருக்குத் தெரியாமல் போனால் ஒரு ஆள் ஒரு வருஷம் முன்னதாகச் செத்துவிடுவார்.

வயதை ஆண்டு, மாதம், நாள் என்று நுணுக்கமாக வெட்டியிருப்பதும் உண்டு. பிறந்த தேதி கல்லில் இருக்காது. இதற்கு வம்சாவளி தேடுகிறவர்களிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. இறந்த நாள் 1889 மே 6, வயது 71 ஆண்டு 7 மாதம் 9 நாள் என்றால், 18890506-இலிருந்து 710709-ஐக் கழித்து, பிறகு 8870-ஐக் கழித்தால் 18170927 வரும். அதாவது 1817 செப்டம்பர் 27. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்ட கணக்கு. கணக்கு வீட்டில் போடவேண்டியது. விடையைக் கல்லில் இருந்ததாகத் தாளில் ஏற்றக்கூடாது.

எழுத்துக்கு மேலே, பிறை வடிவ முகப்பில் இருக்கும் சிற்பம் பலருக்கு எழுத்தைவிட முக்கியம். எனக்கும் அப்படித்தான். முதலில் சிறகு முளைத்த மண்டையோடு. பல் தெரியச் சிரிக்கும். பிறகு அதே சிறகுகளோடு கன்னம் உப்பிய தேவதை முகம். அதன்பின் ஜாடியும் தொங்கும் வில்லோ மரமும். 1966-இல் ஜேம்ஸ் டீட்ஸும் எட்வின் டெத்லெஃப்சனும் இந்த மாற்றத்தை எண்ணிக் காட்டினார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டில் எந்த உரு எத்தனை என்று அடுக்கினால், ஒவ்வொன்றும் சின்னதாகத் தொடங்கி, பெருத்து, மெலிந்து மறைகிறது. மண்ணைத் தோண்டாமல் செய்த தொல்லியல் இது. கல்லில் தேதி வெட்டியிருப்பதால் சாத்தியமாயிற்று. அந்தத் தேதிகளைப் பிசகாமல் எழுதிக்கொள்ள யாரோ ஒருவர் இருந்தால்தான் அந்த எண்ணிக்கையும் நிற்கும்.

சிற்பத்தை வைத்துக் கையைக் கண்டுபிடித்தவர் வூஸ்டர் நகரத்து ஹாரியட் மெரிஃபீல்ட் ஃபோர்ப்ஸ். ஊர் ஊராகப் போய்க் கற்களைப் படம் எடுத்து 1927-இல் புத்தகமாகப் போட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: இதை வெட்டியது யார்? விடையை நீதிமன்றப் பழந்தாள்களில் தேடினார். இறந்தவரின் சொத்துக் கணக்கில், கடன் தீர்த்த பட்டியலில், கல்லுக்காக இன்னாருக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு கல்லைப் பொருத்தியபோது பெயரில்லாத கைகளுக்குப் பெயர் வந்தது. சார்ல்ஸ்டவுனின் ஜோசப் லாம்சன் அப்படி ஒருவர். அவருடைய மண்டையோடுகளுக்குப் புருவம் உண்டு. சில கற்களில் சவப்பெட்டி தூக்கிச் செல்லும் சின்னஞ்சிறு பேய்க்குட்டிகளையும் செதுக்கியிருக்கிறார். அவர் மகன் நதானியேல் சில கற்களில் தன் பெயரின் முதலெழுத்துகளை வெட்டிவைத்தார். கல்தச்சரின் கையொப்பமோ விலையோ சில கற்களில் அடிப்பாகத்தில், புல் மறைக்கும் உயரத்தில் கிடக்கும். புல்லை விலக்கிப் பார்க்காத பதிவாளர் பாதிக் கல்லைத்தான் பார்த்திருக்கிறார்.

வெர்மாண்டில் கிராஃப்டன் என்ற சிற்றூரில் ரெபெக்கா பார்க்கின் கல் இருக்கிறது. ஆண்டு 1803. அவரோடு 14 சிசுக்கள். ராக்கிங்ஹாமைச் சேர்ந்த மோசஸ் ரைட் செதுக்கிய கல் என்கிறார்கள். நயமான கை இல்லை. முகங்கள் வட்டம், கண்கள் வட்டம். ஆனால் அவர் 14 என்று எண்ணை மட்டும் வெட்டிவிட்டுப் போகவில்லை. சிறு சிறு தலைகளாகச் செதுக்கினார். பதிவுத்தாளில் ‘சிற்பம்: முகங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது இங்கே குற்றத்துக்குச் சமம். எண்ணவேண்டும். எண்ணி, எண்ணிக்கையை எழுதவேண்டும். அதைப் பற்றி உருகவேண்டிய அவசியம் பதிவாளருக்கு இல்லை, படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கட்டிப்போடுவது நியூபோர்ட்டில் 1768-இல் இறந்த கஃபி கிப்ஸின் கல். அங்கே ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் கல்பட்டறை 1705-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அந்தப் பட்டறையில் அடிமையாக உழைத்தவர் பாம்ப்பி ஸ்டீவன்ஸ். இந்தக் கல்லைத் தன் சகோதரனுக்காகத் தானே வெட்டியதாகக் கல்லிலேயே சொல்கிறார். சகோதரர்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறு, ஏனென்றால் அவை அவர்களை வைத்திருந்த குடும்பங்களின் பெயர்கள். பெயரையும் தேதியையும் மட்டும் உருவி எடுக்கும் பட்டியலில் இந்தக் கல் கிப்ஸ், கஃபி, 1768, வயது 40 என்று ஒரு வரியாகச் சுருங்கும். வெட்டியவர் காணாமல் போவார். பழைய பட்டியல்கள் பல அப்படிப்பட்டவைதான். மாசசூசெட்ஸில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்வாரியாக அச்சிட்ட 1850 வரையான பிறப்பு இறப்புத் தொகுதிகளில், தகவல் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு சுருக்கக் குறி மட்டும் இருக்கும். கனெக்டிகட்டில் 1930-களில் சார்ல்ஸ் ஹேலின் பெயரில் நடந்த பணி 2000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தாளில் ஏற்றியது. பெரிய காரியம். அதில் இருக்கும் பெயர் இன்று கல்லில் இல்லாத இடங்கள் எத்தனையோ. குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கல் நின்றதா, சாய்ந்ததா என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாமே என்று ஆசை எழுகிறது.

கல்லின் நிலையை எழுதுவது தனி உரைநடை. ‘மோசம்’, ‘சுமார்’ என்பவை அங்கே செல்லாக் காசு. ‘மேல் இடது தோள் உடைந்துள்ளது, துண்டு அடியில் கிடக்கிறது. முன்பக்கம் சாய்வு. கீழ் இரண்டு வரிகள் மண்ணுக்குள். வலது ஓரம் அடுக்கு விட்டுள்ளது, தட்டினால் பொள்ளல் ஒலி. புல்வெட்டி எந்திரத்தின் கீறல்கள். பின்பக்கம் பழைய சிமென்ட் பூச்சு.’ இதில் ஒரு பெயரடை கூட அலங்காரத்துக்கு இல்லை. இடது என்றால் பார்ப்பவரின் இடது. படித்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்லை வரைந்துவிடலாம். காரணமும் கூடவே தெரியும்: அடுக்குகளுக்குள் இறங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து பிளக்கிறது, நிலம் உறைந்து இளகும்போது கல் நெம்பி எழுகிறது, கோடையில் எந்திரம் இடிக்கிறது. சிமென்ட் பூசிய பக்திமான் கல்லுக்குச் செய்த கெடுதல் பனியைவிடப் பெரிது. கல்லைவிட இறுகிய சிமென்ட் பிடியை விடாது, உடைவது கல்தான்.

முகச்சவர நுரையைப் பூசி வழித்தால் எழுத்து வெள்ளையாக எடுத்துக்காட்டும் என்று ஒரு பழக்கம் பரவிக் கிடந்தது. நுரையின் மிச்சம் நுண்துளைகளில் தங்கிக் கல்லை அரிக்கும். சுண்ணக்கட்டி, மாவு, கம்பித் தூரிகை, பிளீச்சிங் எல்லாம் இதே கணக்கில் வரும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், அதுவும் கல் உறுதியாக இருந்தால். கற்பாசி படர்ந்திருந்தால் சுரண்டாமல் ‘கற்பாசி மறைக்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்வது ஒரு கட்டுப்பாடு. அது எல்லோருக்கும் வருவதில்லை. ஒரே ஓர் எழுத்துத்தானே என்று விரல் நகம் துறுதுறுக்கும்.

வசந்தத்தின் தொடக்கம் இதற்கு நல்ல காலம். பனி கரைந்து, புல் வளராமல், மரம் இலை விடாமல், வெயில் தாழ்ந்திருக்கும் சில வாரங்கள். அதைத் தவறவிட்டால் மான் உண்ணிகள் காத்திருக்கும். லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் ஊரே கனெக்டிகட்டில்தான் இருக்கிறது.

தேர்ந்த பதிவாளர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஹேல் தொகுப்போ வேறு பழைய பட்டியலோ பையில் இருந்தாலும், கல்லின் முன்னால் நிற்கும்போது அதைத் திறக்கமாட்டார்கள். தாளில் ‘மேரி’ என்று இருந்தால் மங்கிய கோடுகளில் கண் மேரியைத்தான் காணும். முதலில் தானாகப் படித்து, தெரிந்ததை எழுதி, தெரியாததற்குப் புள்ளி வைத்து, ஊகத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு, வரிசை முழுதும் முடிந்தபின் வண்டியில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். வேறுபட்டால் எதையும் அழிப்பதில்லை. பழைய வாசிப்பைப் பக்கத்தில், யார் எப்போது படித்தது என்பதோடு எழுதிவைப்பார்கள். பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வேறுபட்ட கல்லுக்கு மட்டும் திரும்பிப் போவார்கள்.