பாண்டியன் எழுதிய மொழி

குமரி மாவட்டத்துக்காரரான எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளியல் படித்தவர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். கடைசி ஆண்டுகளில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து, 2014 நவம்பரில் மறைந்தார். துறை எதுவானாலும் அவர் துருவிப் பார்த்தது தமிழக அரசியலைத்தான். முதல் நூல் 1880 முதல் 1939 வரை நாஞ்சில் நாட்டு வேளாண்மை கண்ட மாற்றங்களைப் பற்றியது. 1992இல் எம்.ஜி.ஆர். பற்றிய நூலும், 2007இல் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற அடையாளங்கள் உருவான வரலாறும் வந்தன. மூன்றுமே ஆங்கிலம். தமிழ்ச் சமூகத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதும் வழக்கத்தின் பலன், இழப்பு இரண்டையும் இந்நூல்களில் பார்க்கலாம்.

பலன் சிறிதல்ல. ஆங்கில ஆய்வுலகில் திராவிட இயக்கம் நெடுங்காலம் வட்டாரச் சங்கதியாகவே கிடந்தது. சாதியைப் பேசாதிருப்பதே நவீனம் என்ற எண்ணத்தைப் பாண்டியன் 2002இல் ஒரு கட்டுரையில் உடைத்தார். மேல்சாதியார் சாதியை வேறு பெயர்களில் பேசிக்கொள்ள முடிகிறது. ஒடுக்கப்பட்டோர்தான் அதன் பெயரைச் சொல்லியே பேச வேண்டியிருக்கிறது என்றார். இதைக் கேட்க வேண்டியவர்கள் ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள். தமிழில் எழுதியிருந்தால், ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடமே அது போய்ச் சேர்ந்திருக்கும். இந்த வாதத்தை முழுதாக ஏற்கிறேன்.

எம்.ஜி.ஆர். நூலுக்கு அந்த நியாயம் செல்லாது. ஏழைகளுக்குப் பெரிதாக எதுவும் செய்யாத ஆட்சியை ஏழைகளே ஏன் கொண்டாடினார்கள் என்று கேட்கிறது அந்நூல். அது முதலில் டீக்கடை பெஞ்சில் விவாதிக்கப்பட வேண்டிய கேள்வி. ‘பிம்பச் சிறை’ என்று அந்நூல் தமிழில் வந்தபோது பாண்டியன் உயிரோடில்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஒரு தலைமுறை பல தேர்தல்களில் வாக்களித்துவிட்டிருந்தது. இத்தகைய ஆய்வைத் தமிழ் தாங்காது என்பது வலுவற்ற சமாதானம்: எஸ்.வி. ராஜதுரையும் வ. கீதாவும் பெரியாரைப் பற்றி இரு மொழியிலும் எழுதிக் காட்டினார்கள். ஆங்கில இதழ்களில் வந்ததையே ஆய்வாகக் கணக்கில் கொள்ளும் கல்வி அமைப்பைச் சுட்டுவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆகவே பழியைப் பாண்டியன் ஒருவர்மேல் சுமத்த மாட்டேன். ஆனால் பழி யாருடையதானாலும் இழப்பு தமிழ் வாசகருக்குத்தான். எவ்வளவு இழப்பு என்பதை நாஞ்சில் நாடே காட்டுகிறது. பாண்டியன் ஆராய்ந்த அதே காலத்தில், சொத்து பெற்ற பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமை வேளாளர் வீடுகளைச் சீரழித்ததைக் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று அந்த வீட்டுப் பேச்சிலேயே பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கெனச் சட்டம் இயற்றிப் பெற்ற மக்களுக்குப் பங்கு கொடுத்தது. சட்டம் வந்தது ஒரு நூலால் மட்டுமல்ல, உண்மைதான். ஆனால் தன் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டை அந்தச் சமூகம் தன் வாய்மொழியிலேயே கேட்டது. பதில் சொல்லவும் அதனால் முடிந்தது. எம்.ஜி.ஆரின் ரசிகர்களுக்கு அந்த வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.